நேற்று இல்லாமல்தானே இருந்தோம்

வேலை கிடைத்து ஒரத்தநாட்டுக்குப் போன புதிதில் வாடகைக்கு வீடு தேடி நாலைந்து தெரு அலைந்தேன். எல்லா வீடுகளிலும் என்ன ஆட்கள், கல்யாணம் ஆகிவிட்டதா, ஒரு பெண் தனியாகவா இருக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். கடைசியாகப் பார்த்த வீட்டில் அந்த அக்கா கேட்டது வேறு.

"கிரைண்டர் வச்சிருக்கீங்களா?"

"இல்லக்கா. இனிமேத்தான் வாங்கணும்."

"வாங்காதீங்க. நம்மகிட்ட இருக்கு. நான் செவ்வாக்கிழம ஊறப் போடுவேன். உங்க அரிசி உளுந்தையும் குடுத்துட்டா சேத்து ஆட்டிடலாம். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கிரைண்டரு எதுக்கு?"

முன்பணம் எவ்வளவு என்பதைப் பிறகுதான் பேசினோம். அது பழைய ஓட்டு வீடு. பக்கவாட்டில் இரண்டு அறைகளைத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். நான் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டர். வீட்டில் அக்காவும் அவருடைய பெண்ணும் மட்டும். பெண் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வேகமான நடை. பேசும்போது குரலை உயர்த்த மாட்டார். எதையாவது வாங்க வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும், "நேத்து இது இல்லாமத்தான இருந்தோம்?" என்று கேட்பார். குத்திக்காட்டும் தொனி இருக்காது. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புவது போலக் கேட்பார். கேட்டதும் எதிரில் இருப்பவருக்கு நேற்றைய நாள் ஞாபகம் வரும். நேற்று அந்தப் பொருள் இல்லாமல் ஒன்றும் குடி முழுகிப்போயிருக்காது. பேச்சு அதோடு நின்றுவிடும்.

அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துத்தான் உலையில் போடுவார். பருப்பு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மூடியைத் திறக்காமல் வைத்துவிடுவார். மிச்சத்தை அந்தச் சூடே வேகவைத்துவிடும். ஒரு சிலிண்டர் அவர் வீட்டில் ஓடும் காலத்தைப் பார்த்து, சிலிண்டர் போட வருகிறவரே ஒருமுறை, "நீங்க சமைக்கிறீங்களா இல்லையாக்கா?" என்று கேட்டிருக்கிறார். புளியும் மிளகாயும் பங்குனி சித்திரையில் விலை இறங்கும்போது வருஷத்துக்கும் வாங்கிக் காயவைத்துக் கட்டிவிடுவார். தீபாவளித் துணியை ஆடித் தள்ளுபடியில் எடுத்துவிடுவார். வாரச்சந்தைக்கு, கடைக்காரர்கள் சாக்கை உதறத் தொடங்கும் நேரம் பார்த்துப் போவார். அதுவும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். பசியோடு சந்தைக்குப் போனால் கை தானாக நீளும் என்பது அவர் கட்சி.

மாதத்தில் இரண்டு தடவையாவது மின் மீட்டர் முன்னால் நிற்பார். கணக்கு அடுத்த படிக்கு ஏறுகிற மாதிரி தெரிந்தால், அந்த வாரம் இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வு. பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பார். பின்னால் வரும் மற்ற பேருந்துகளை அவர் பார்ப்பதுகூட இல்லை. நான் ஏறிப் போய்விடுவேன். தஞ்சாவூரில் என் வேலை முடிந்து திரும்பும்போது, அவர் கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு அப்போதுதான் வந்து இறங்கிக்கொண்டிருப்பார்.

நகை வாங்க மாட்டார். "செய்கூலி சேதாரம்னு கடைக்காரனுக்குக் குடுத்துட்டு வர்றதுக்கு நான் எதுக்குத் தஞ்சாவூர் வரைக்கும் போகணும்?" என்பார். தங்கக் காசாகத்தான் எடுப்பார்.

கருமி என்று தெருவில் ஒரு பெயர் இருந்தது. நான் பார்த்தவரைக்கும் அது முழுக்கச் சரியில்லை. அடுப்பின் ரப்பர் குழாயைக் காலம் தவறாமல் மாற்றுவார். பாப்பாவுக்கு உடம்பு சுட்டால் உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போவார். எனக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோதும் அவர்தான் ஆட்டோ கூப்பிட்டார், அவரேதான் காசும் கொடுத்தார். நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "இதெல்லாம் செலவா?" என்றார். எது செலவு, எது செலவில்லை என்று அவருக்குள் ஒரு கோடு இருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பிடிபடாது.

நான் தவணையில் ஒரு நல்ல கைபேசி வாங்கலாம் என்று சொன்னபோது வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். அடுத்த மாதம் வாங்கிவிட்டேன். அவர் கண்ணில் படாமல் வைத்திருப்பது எவ்வளவு நாள் நடக்கும்? துணி காயப்போடும்போது அழைப்பு வந்து எடுத்துவிட்டேன். அக்கா பார்த்தார். "நல்லாருக்கு. கவரு போட்டு வச்சுக்க. கீழ விழுந்தா அதுக்கு வேற செலவு" என்றார்.

ஒரு விடுமுறையில் மூவரும் வேளாங்கண்ணிக்குப் போனோம். புளிச்சோறு, தயிர்ச்சோறு, தண்ணீர் எல்லாம் வீட்டிலிருந்தே வந்தன. மாதாவைக் கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போகும் வழியில் இருபக்கமும் கடைகள். சோழி மாலை, சங்கு, பொம்மை, மீன் வறுவல். அக்கா பாப்பாவிடம், "நல்லாப் பாத்துக்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு. பாக்கறதுக்குக் காசு கிடையாது" என்றார். பர்ஸில் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் எடுத்து வந்திருக்கவில்லை. வெளியே போகும்போது அவர் செய்யும் ஏற்பாடு அது. பாப்பா மீன் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். எண்ணெயில் மீன் புரள்வதைப் பார்த்தாள். பிறகு அவளாகவே நகர்ந்து வந்துவிட்டாள். நான் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். முகத்தில் ஏக்கம் இருந்ததா என்று பார்த்தேன். அப்படி ஒன்றும் தெரியவில்லை.

அவள் பதினொன்றாவது படிக்கும்போது பள்ளியில் ஊட்டிக்குச் சுற்றுலா போனார்கள். அக்காவுக்கு அந்த விஷயமே தெரியாது. எல்லோரும் போய் வந்த பிறகு, வகுப்பாசிரியை ரேஷன் கடையில் அக்காவைப் பார்த்து, "உங்க பொண்ணையும் அனுப்பியிருக்கலாம்ல?" என்று கேட்டிருக்கிறார். பேர் கொடுக்கும் முதல் நாளே பாப்பா எழுந்து, தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். அக்கா வீட்டுக்கு வந்து சர்க்கரையை டப்பாவில் கொட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன் பாப்பா எங்கிட்ட சொல்லல?"

"என்னத்தம்மா சொல்றது? போன வருசமும்தான் போவல."

"கேட்டிருந்தா அனுப்பியிருப்பனே."

பாப்பா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்த மாதிரியும் இல்லை. அக்கா காலி சர்க்கரைப் பையை உதறி, மடித்து, மறுபடி விரித்து மறுபடி மடித்தார். கேட்டிருந்தால் அனுப்பியிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது.

அண்ணன், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், அதற்கடுத்த கோடையில் ஒரு மாத விடுப்பில் வந்தார். நான் அவரை முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான். வெயிலில் கறுத்த, பெரிய ஆள். கையில் அங்கங்கே தீப்பொறி பட்ட தழும்புகள். அதிகம் சிரிப்பார். எனக்குக்கூட ஒரு தைலப் புட்டியும் ஒரு சாக்லெட் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். தெருவில் யார் போனாலும் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். ஒரே வாரத்தில் பால் பாக்கெட் இரட்டிப்பாகிவிட்டது. அக்கா டீத்தூளை மட்டும் பெரிய பொட்டலமாக வாங்கிவைத்தார். அதுதான் மலிவு.

எதிர்வீட்டுக்காரரும் சிங்கப்பூரில்தான் இருந்தார். அந்த வீடு மாடி வைத்து, முகப்பில் கண்ணாடி பதித்து, கம்பி கேட்டு போட்டது. அண்ணன் காலையில் பல் விளக்கிக்கொண்டே அந்த வீட்டைப் பார்ப்பார். பிறகு தன் வீட்டு ஓட்டைப் பார்ப்பார். "அவன் எனக்குப் பின்னாடி போனவன் தங்கச்சி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குத் துணி எடுக்கத் தஞ்சாவூருக்குக் கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மூன்று மாடிக் கடை. துணி, செருப்பு, பை, கைக்கடிகாரம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். உள்ளே நுழைந்ததும் அண்ணன் பாப்பாவின் தோளில் கைபோட்டு, "இன்னக்கி என்ன வேணும்னாலும் எடு. வெலயப் பாக்காத" என்றார். அக்கா வாசல் பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் அப்பாவோடும் மகளோடும் போனேன்.

பாப்பா முதல் மாடி முழுக்க நடந்தாள். ஒரு சுடிதாரைத் தொட்டுப் பார்த்து, அட்டையைத் திருப்பிப் பார்த்து, விட்டுவிட்டாள். கைக்கடிகாரங்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். பைகள் இருந்த பக்கம் போனாள். ஒவ்வொரு இடத்திலும் அண்ணன், "இதா? இத எடுக்கச் சொல்லட்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விற்பனைப் பெண் இறக்கிப் போட்ட துணிகள் மேசையில் குவிந்தன.

"ஒண்ணும் வேணாம்பா. எல்லாம் இருக்கு."

"இருக்கறத யாரு கேட்டா? உனக்குப் பிடிச்சத எடு."

பாப்பா சுற்றிலும் பார்த்தாள். அவள் முகம் மெல்லச் சிவந்தது. பரீட்சையில் விடை தெரியாத கேள்வியைப் பார்க்கிறவள் போல நின்றாள்.

"எது பிடிச்சிருக்குன்னு தெரியலப்பா."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். மேலேயும் கீழேயும் போகிறவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் நானே ஒரு பச்சைச் சுடிதாரை எடுத்து, இது நன்றாக இருக்கும் என்றேன். பாப்பா உடனே சரி என்றாள்.

மறுநாள் எனக்கு அரை நாள் விடுப்பு. பாப்பா டியூஷனுக்குப் போயிருந்தாள். என் அறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

"எம் பொண்ணுக்கு எது பிடிக்கும்னு அவளுக்கே தெரியல. இதுக்கா நான் அங்க கெடந்தேன்?" என்றார் அண்ணன்.

"மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? இத்தன வருசத்துக்கு ஊருல காட்ட என்ன இருக்கு எனக்கு? பேங்குல பேப்பர் இருக்குங்கற. பேப்பர்லயா குடியிருக்க முடியும்? இன்னும் மூணு வருசம் போறேன். போயி அனுப்பறேன். அவன் வீட்ட விட ஒரு மாடி ஒசத்தியாக் கட்டு."

"அதுக்குப் பயந்துதாங்க கட்டல."

"எதுக்கு?"

அக்காவின் குரல் வந்தது. வழக்கமான, உயராத அதே குரல்.

"கட்டியிருந்தா நீங்க போய்க்கிட்டேதான் இருக்கணும். எதிர்வீட்டப் பாருங்க. மொதல்ல மாடி. அப்பறம் கேட்டு. இப்ப காரு. அவரு இன்னம் அங்கதான இருக்காரு? அந்த அக்கா காலைல கேட்டத் தொறக்குது, சாயங்காலம் பூட்டுது. நம்ம நெலத்தக் குத்தகையிலேருந்து திருப்பிக்கலாம். ரோட்டோரமா நீங்க ஒரு வெல்டிங் பட்டற போட்டுக்கலாம். அதுக்கு இருக்கு. பாப்பா படிப்புக்கும் இருக்கு. நீங்க வந்துட்டீங்கன்னா போதும்னுதான் இவ்வளவும் சேத்தேன்."

"இத ஏன் இத்தன நாளா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். இருக்குன்னு தெரிஞ்சா செலவாயிடும்."

அண்ணன் அதற்கு ஏதோ சொன்னார். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. செருப்புச் சத்தமும், வாசலில் வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டன.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் பக்கம் வந்தார். கையில் ஒரு கிண்ணத்தில் மாவு. அன்று செவ்வாய்க்கிழமைகூட இல்லை.

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

அவர் நிலைப்படியிலேயே உட்கார்ந்தார். "வாங்காம இருக்கத்தாம்மா அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். ஆசப்பட வேணாம்னு ஒருநாளும் சொன்னதில்ல. அவ ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிட்டா போலருக்கு" என்றார். நான் டீ போடட்டுமா என்றேன். போடு என்றார். என் வீட்டில் அவர் டீ குடித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாலைந்து நாள் அந்த வீட்டில் பேச்சுக் குறைவாக இருந்தது. சனிக்கிழமை காலையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அக்கா பாப்பாவைக் கூப்பிட்டு அவள் கையில் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை வைத்தார்.

"கடைத்தெருவுக்குப் போயி ஒனக்குப் பிடிச்சது எதையாவது வாங்கு. மிச்சம் கொண்டு வரக் கூடாது."

"என்னத்தம்மா வாங்கறது?"

"எங்கிட்ட கேக்காத. அப்பாகிட்டயும் கேக்காத."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான் துணியை அலசுவதில் மும்முரமானேன். அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து நிமிஷத்தில் போய்வரக்கூடிய கடைத்தெரு. பாப்பா போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவதும், மறுபடி வருவதுமாக இருந்தார். அண்ணன் படித்த பக்கத்தையே திருப்பித் திருப்பிப் படித்தார். என் துணியெல்லாம் கொடியில் ஏறி, முதலில் போட்டது காயத் தொடங்கிய பிறகுதான் தெருமுனையில் சைக்கிள் தெரிந்தது. பாப்பா அதில் ஏறி வரவில்லை. தள்ளிக்கொண்டு வந்தாள். கைப்பிடியில் பழைய செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்று தொங்கியது. அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

தாளைப் பிரித்தாள். சின்னக் கம்பிக் கூண்டு. உள்ளே இரண்டு லவ் பேர்ட்ஸ். ஒன்று பச்சை, ஒன்று நீலம். வெளிச்சம் பட்டதும் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கத்தின.

அக்கா குனிந்து பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாதும்மா. கத்தும்."

அண்ணன் செய்தித்தாளை மடித்து வைத்தார். அக்கா கூண்டைச் சுற்றி ஒருமுறை வந்தார். கம்பியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"எதுக்கு ரெண்டு? ஒண்ணு போதாதா?"

"ஒண்ணு மட்டும் தரமாட்டேன்னுட்டாரும்மா. தனியா வச்சா சரியாத் திங்காதாம். கொஞ்ச நாள்ல செத்துடுமாம்."

பாப்பா கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னாள். அவள் கண் கூண்டின் மேல் இருந்தது. அம்மாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை. அண்ணன்தான் முதலில் பார்வையை எடுத்தார். "தீனி என்ன பாப்பா?" என்றார்.

"தினை. அதுக்குக் காசு பத்தல."

"நான் போயி வாங்கிட்டு வர்றேன்" என்று எழுந்து செருப்பை மாட்டினார்.

அக்கா உள்ளே போய் ஒரு துணிப்பை கொண்டுவந்து கொடுத்தார். "காக்கிலோ அரைக்கிலோன்னு வாங்காதீங்க. ரெண்டு கிலோவா எடுங்க, வெல கொறச்சுத் தருவாங்க."

"ரெண்டு கிலோ எத்தன மாசத்துக்கு வரும்?"

"எத்தன மாசம் வந்தா என்ன? நீங்கதான இருந்து போடப் போறீங்க."

அண்ணன் பையை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டியை எடுக்காமல் நடந்தே போனார். பாப்பா கூண்டைத் தூக்கிக்கொண்டு எங்கே மாட்டலாம் என்று வாசல் முழுக்கச் சுற்றினாள். இந்த ஆணியா, அந்த ஆணியா என்று அவளே இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தாள்.

அண்ணன் திரும்பிப் போக, திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு அடுத்த வாரம் டிக்கெட் போட்டிருந்தது. ரத்து செய்தால் பாதிப் பணம்கூட வராதாம் என்று அக்கா மூன்று நாள் கழித்து என்னிடம் சொன்னார். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் ஒட்டியதைக் கையால் வழித்து உள்ளே தள்ளினார்.

"போனாப் போவுது" என்றார்.